ஜீனத் எழுதிய குழாயடிப் பலகை

திருவண்ணாமலையில் கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, பேனருக்கு நாலு வரி வேண்டுமென்றால் ஜீனத்திடம்தான் வருவார்கள். கணவர் சல்மானின் ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து அவள் தட்டுகிற தமிழைப் பார்த்து வாத்தியார்களே அசந்துபோவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

அடி அண்ணாமலையில் தண்ணீர் திறந்துவிடும் சுப்பன் ஒருநாள் கடைக்கு வந்தார். கிரிவலப் பாதைக் குழாய்த் தண்ணீர் பரிசோதனையில் தேறவில்லையாம். கை கால் கழுவலாம், குடித்தால் வயிற்றுப்போக்குதான். பௌர்ணமிக்குள் போர்டு வேண்டும்.

“குடிக்காதீங்கன்னு பெருசா போட்டா போதும்மா.”

“நம்ம கடை போர்டு அப்படி மொட்டையாவா இருக்கும்? நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள், நன்றாகவே. மேலே மலைப் படம், சுற்றிலும் தாமரை. ‘அருள்வேண்டி மலைவலம் வரும் மெய்யன்பர்களே!’ என்று ஆரம்பித்து, பொதுநலன், சுகாதாரம் என்று ஊரெல்லாம் சுற்றி, நாலாவது வரியில் ‘இந்நீரைப் பருகுவதைத் தவிர்த்து ஒத்துழைப்பு நல்குவீராக’ என்று முடித்தாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடலாமென்று போனாள். குழாயடியில் ஏகக் கூட்டம். வந்தவர்கள் மலையையும் தாமரையையும் பார்த்ததும் யாரோ புண்ணியவானின் உபயம் என்று பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மடக் மடக்கென்று குடித்தார்கள்.

சுப்பன் குழாய்க்குக் குழாய் ஓடிக் கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஜீனத்தைப் பார்த்தும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது தேவலை.

“யம்மா, குடிக்கக் கூடாதுன்னு இதுல எங்க போட்டிருக்கு? கேக்கறவங்களுக்குக் காட்டணும், எனக்குப் புரியல.”

அவள் விரலை வைத்துத் தேடி அந்த வரியைக் காட்டுவதற்குள், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண் இடுப்புக் குழந்தைக்கு ஒரு டம்ளர் புகட்டிவிட்டாள். வாய் நனைந்த குழந்தை ஜீனத்தைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, இதற்கா அத்தனை தமிழ்!

“குடிக்காதீங்க! குடிக்காதீங்க!” என்று அவளும் கத்தினாள். தெரிந்த தெலுங்கிலும் கத்தினாள். வரிசை நகராமல் அப்படியே நின்றது.

“அப்ப இந்த போர்ட எந்த அறிவாளி வச்சது?” என்று கூட்டத்தில் ஒருவர் எகிறினார்.

அதுவரை கத்திய ஜீனத் பலகையை விட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றாள்.

“நான்தாங்க,” என்றார் சுப்பன், கட்டிய குரலில்.