கேட்காமல் வந்த இரண்டாம் எண்

நடந்தவை, வரிசைப்படி:

1. மிசிசாகாவில் சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. அடுத்த மேசையில் இருந்த ஜப்பானியத் தோழி செப்டம்பரில் ஒசாகாவுக்கு விடுமுறையில் போய் வந்தாள். அவளுடைய தம்பி அங்கே, எந்நேரமும் திறந்திருக்கும் ஒரு சிறுகடையில் வேலை செய்தான். சோற்றுருண்டையும் தேநீரும் சேர்த்து வாங்கினால் பழைய அரக்கத் திரைப்படங்களின் பட அட்டை ஒன்று இலவசம். மொத்தம் இருபத்துநான்கு. எனக்குப் பதினாறு கொண்டுவந்தாள்.

2. மிச்சம் எட்டையும் சேர்க்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அண்ணா சிரித்தார்.

3. பந்தயம் கட்டினோம். கிறிஸ்மஸுக்கு முன் எல்லாம் சேராவிட்டால் குளிர்காலம் முழுவதும் வாசலில் குவியும் ஸ்னோவை நான் தள்ள வேண்டும். சேர்ந்தால் அவர்.

"ஆரோ திண்ட சோத்து உருண்டைக்குக் குடுத்த மட்டை. உதுக்கு லிஸ்ட் வேறயோ?" என்றார்.

"நீங்கள் ஸ்னோ தள்ளுற ஷவலைத் துடைச்சு வையுங்கோ," என்றேன்.

இல்லாத எண்களைக் கோடு போட்ட தாளில் எழுதி, மூன்று தடவை சரிபார்த்துத் தோழியிடம் கொடுத்தேன். அவள் தம்பிக்கு ஃபக்ஸ் அனுப்பினாள். முதல் உறையில் நான் கேட்ட மூன்று வந்தன. கூடவே இரண்டாம் எண் அட்டை ஒன்று. அது என்னிடம் ஏற்கெனவே இருந்தது. புதிய பட்டியல் அனுப்பினேன். இன்னும் மூன்று, கூடவே இரண்டாம் எண் இரண்டு. மூன்றாவது பட்டியலில் மிஞ்சியவை பதினேழும் பத்தொன்பதும் மட்டும். பதினேழு வந்தது. அத்துடன் மறுபடியும் இரண்டாம் எண் இரண்டு. நவம்பர் முடிந்தது, சலுகையும் முடிந்தது. பத்தொன்பது இல்லை.

"ஏன் திரும்பத் திரும்ப இரண்டாம் எண்?" என்று தோழியைக் கேட்டேன்.

அவள் என் தாளை எடுத்துக் காட்டினாள். "நீதானே கேட்டாய்? உச்சியில், நடுவில், பெரிதாக எழுதியிருக்கிறாயே. அவசரம் என்று நினைத்துத் தம்பி மற்றக் கடைகளுக்கும் போய்த் தேடினான். அதுதான் கிடைக்கவே அரிது."

உச்சியில், நடுவில், பெரிதாக, 2 போலவே இருந்தது பிள்ளையார் சுழி. எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் என் கை தானாகப் போடுவது. மூன்று தடவையும் அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

"இது எண் இல்லை. யானைமுகச் சாமி."

"உங்கள் சாமியின் எண் இரண்டா?" என்று அக்கறையோடு கேட்டாள்.

வீட்டில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீ பிள்ளையாரிட்டைக் கேட்டனி எல்லோ, அவர் தன்னையே அனுப்பிப்போட்டார்." அண்ணா ஷவலைக் கொண்டுவந்து என் அறைக் கதவில் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கோ தோழி சொன்ன 'அரிது' என்ற சொல்தான் மனதில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை யங் வீதியில், சேகரிப்பவர்கள் கூடும் ஒரு கொமிக்ஸ் கடைக்குப் போனேன். தடித்த ஆல்பத்தோடு ஒருவர் நின்றார். அவரிடம் பத்தொன்பது மூன்று இருந்தன. இரண்டாம் எண்ணின் இடம் வெறுமையாக இருந்தது.

"பத்தொன்பதுக்கு மூன்று அட்டை தர வேண்டும்," என்றார்.

நான் இரண்டாம் எண்ணை எடுத்து மேசையில் வைத்தேன், ஒன்றே ஒன்று. "ஒன்றுக்கு ஒன்று."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். யோசித்தார். அதற்குள் பின்னால் நின்ற இருவர், "அதை எங்களுக்குத் தருவீர்களா?" என்று கேட்டார்கள். அவர் அவசரமாகப் பத்தொன்பதை உருவி என் கையில் வைத்தார். மிச்ச நான்கும் என் பையில் இருப்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அண்ணா அட்டைகளை ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை எண்ணினார். பிறகு பின்னாலிருந்தும் எண்ணினார்.

"ஓம், சரி. பிள்ளையாரும் வந்து ஸ்னோ தள்ளுவாரோ?"

"அவர் பந்தயம் கட்டேல்லை. நீங்கள்தான் கட்டினனீங்கள்."

இருபத்துநான்கும் வரிசையாக என் ஆல்பத்தில் இருக்கின்றன. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஸ்னோ தள்ளியது அண்ணா.