பத்து வயதுக்கு உட்பட்ட மாணவர்

"பத்து வயதுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்படமாட்டார்கள்." ஓய்வுபெற்றபின் குண்டசாலை வீட்டில் தொடங்கிய வயலின் வகுப்புக்காக, சிறந்த மாணவரைக் கற்பனை செய்து நானே எழுதிய விதி இது.

வந்தவரோ ஐம்பது வயது ஆட்டோக்காரர்.

"மக கல்யாணத்துல ஒரு பாட்டாவது வாசிக்கணும் சேர்."

"வயசு கூடிப்போச்சே," என்றேன்.

அவர் எதிர்வீட்டு வயலின் ஆசிரியையிடம் சேர்ந்தார். அங்கே விதியும் கிடையாது, படிவமும் கிடையாது. அவர் தப்பும் தவறுமாக வாசிப்பதும் இருவரும் சிரிப்பதும் என் ஜன்னல்வரை கேட்டன. என் வகுப்பில் சிரிக்க ஆளே இல்லை. பொறாமை தாங்காமல், விதி தளர்த்தப்பட்டதாக அவருக்கு முறைப்படி தபாலில் எழுதினேன்.

பதிலும் தபாலிலேயே, அழைப்பிதழோடு வந்தது: "மன்னிச்சிருங்க சேர், டீச்சர்கிட்டயே படிக்கிறேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வாங்க, கேக்கலாம்."

ஏன் கற்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி என் படிவத்தில் இருக்கவேயில்லை.

அழைப்பிதழ் கைக்கு வந்தது திங்கட்கிழமை. கல்யாணம் அதற்கு முந்தைய நாள்.