அண்ணாச்சி தனக்கு வைத்த பேர்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டுக்குக் கீழே ஒரு நாட்டு மருந்துக்கடை. கடை, வீடு எல்லாம் ஒருவருடையதே. எங்களுக்கு அவர் அண்ணாச்சி, அவர் மனைவி மதினி. கல்யாணமாகி ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்த நாள் முதல் நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் ஒரு விளையாட்டு நடக்கும். நானும், என்னோடு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கும் தோழியும், என் கணவரும். கணவர் கதை சொல்லுவார். ஒரு காடு, ஒரு பாழடைந்த கோட்டை, உள்ளே ஒரு பூதம். நாங்கள் இருவரும் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள். நான் மந்திரக்காரி, அவள் வில்லாளி. என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். இருபது முகம் உள்ள பகடையை உருட்டினால் அது பலித்ததா இல்லையா என்று தெரியும்.

எங்களுக்குத் தகராறே பேர் வைப்பதில்தான். இன்டர்நெட்டில் பார்த்துத் தோழி தன் வில்லாளிக்கு 'எல்த்ராந்தியேல்' என்று வைத்தாள். சண்டை சூடுபிடிக்கும்போது அது என் வாயில் 'எல்லாந்தாயேன்' என்றுதான் வரும். நான் ஆபீசில் கப்பல் வரவுப் பட்டியல் அடிக்கிறவள். அதிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கப்பலின் பேரை எடுத்து என் மந்திரக்காரிக்குச் சூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பூதத்திடம் அடிபட்டுச் செத்துப்போனாள். செவ்வாய்க்கிழமை அவளே முப்பதாயிரம் டன் நிலக்கரியோடு துறைமுகத்துக்கு வந்து நின்றாள். அதோடு கப்பல் பேரை விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் போட்ட கூச்சலில் அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, மேல ஒரே சத்தமா கெடக்கு. சண்டையா?"

கணவர் கூச்சத்தோடு விளையாட்டை விளக்கினார். அண்ணாச்சி பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு. குலசை கோயில்ல தசராவுக்கு வேசம் போடுதோம்லா, அதே கததான். நான் ராசா வேசம் போட்டிருக்கேன், கொரங்கு வேசம் போட்டிருக்கேன். இங்க துணிமணி செலவு இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி, பாயில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், அன்றைக்குச் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

பேர் வைக்கும் வேலை தன்னால் அவர் கைக்குப் போனது. கடையில் ஐந்நூறு டப்பா வைத்திருக்கிறவருக்குப் பேருக்கா பஞ்சம். என் புது மந்திரக்காரியைச் 'சித்தரத்தை' என்றார். தோழியின் வில்லாளி 'அதிமதுரம்' ஆனாள். கதையில் வரும் திருடனுக்குத் 'திப்பிலி'. கோட்டைக்குள் இருக்கும் பூதத்துக்கு என்ன பேர் என்று கணவர் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"வசம்பு. ஆனா பொழுதடஞ்சா அந்தப் பேரச் சொல்லக்கூடாது. நாங்க கடையில 'பேர்சொல்லாதது'ம்போம். அதையே வையும்."

அந்தப் பூதத்தைப் பற்றி நாங்கள் அதன்பிறகு குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம்.

ஆனால் அவருடைய சொந்தப் பாத்திரத்துக்கு மூன்று வாரமாகப் பேர் இல்லை. ஈட்டியோடு கப்பலில் வந்திறங்கிய போர்வீரன். ஆளுக்கொரு தாளில் எங்கள் பாத்திரத்தின் விவரத்தை எழுதி வைத்துக்கொள்வோம்; அவர் தாளில் பேர் எழுதும் இடத்தில் 'ஆள்' என்று எழுதி வைத்திருந்தார். கடுக்காய் என்று வைக்கலாமா என்று தோழி கேட்டதற்கு, "வேண்டாம்மா, இது எனக்குல்லா" என்றார்.

அப்புறம் தானாகவே சொன்னார். "எங்க குடும்பத்துல ஆம்பளப் பிள்ளைன்னா குலசாமி பேருதான். அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைய ஏழு பேருக்கும் ஒரே பேரு. பள்ளிக்கூடத்துல இனிசியலச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வீட்டுல 'நாலாவதான்'. பஜார்ல 'மருந்துக்கடை'. என் பேரச் சொல்லி யாராவது கூப்பிட்டா, நம்மளத்தானான்னு இன்னைக்கும் ஒருதடவ திரும்பிப் பாத்துக்கிடுவேன் தங்கச்சி."

வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் அவசரப்படுத்துவதை அன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

நாலாவது வாரம், மருந்து மடிக்கும் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பத்திருபது பேர்கள் எழுதி அடிக்கப்பட்டிருந்தன. கடைசியாக இருந்ததை மட்டும் அடிக்கவில்லை. நெமேரன்.

"இதுக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் இவ்வளவு நாள் ஆச்சு. எதை எழுதுனாலும் ஏதாவது சாமியோ சரக்கோ உள்ள வந்துருது. இது நானே செஞ்சது. காலையில நடக்கப் போகும்போது கடலப் பாத்துக் கூப்பிட்டும் பாத்தேன். காத்துல ஒடையல."

அன்றைக்கு நெமேரன் நன்றாகச் சண்டை போட்டான். கோட்டைக் கிணற்றில் அவன் விழுந்துவிட, நானும் தோழியும் கயிற்றைப் போட்டு "நெமேரா, நெமேரா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மதினி அவித்த பனங்கிழங்கோடு மேலே வந்தார். வாசலிலேயே நின்று கேட்டார்.

"யாரு அது நெமேரன்?"

அண்ணாச்சியைக் காட்டினேன். மதினி அவரைப் பார்த்தார், தட்டை வைத்தார், இறங்கிப் போனார்.

மதினி தன் புருஷன் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. குலசாமி பேரும் புருஷன் பேரும் ஒன்றாக இருப்பதால் கோயிலில்கூட "சாமி" என்றுதான் சொல்லுவார். ஒருமுறை பேங்கில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது ஆதார் அட்டையை எடுத்து நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் 'இந்தாருங்க', மற்றவர்களிடம் பேசும்போது 'அவிய'. இருபத்தெட்டு வருஷமாக அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு. அண்ணாச்சி பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தார். கீழே படியிலிருந்து குரல் வந்தது.

"நெமேரரே, காப்பி ஆறுது."

மரியாதையைக்கூட விடவில்லை. குலுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணாச்சி எங்கள் முகத்தைப் பார்க்காமல், "ம், வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பகடையும் அவர் கையோடு கீழே போய்விட்டது. அரைமணி நேரம் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது மதினியிடம் கேட்டேன், எப்படித் தைரியம் வந்தது என்று.

"அது அவிய பேரு இல்லையே பிள்ள. சொன்னா என்ன வந்துரும்?" என்றார். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நாக்குக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு கடையிலும் அதுதான் பேர். ஒருநாள் மதினி உள்ளேயிருந்து இரண்டுமுறை கூப்பிட்டதைக் கேட்ட ஒரு பாட்டையா, "அண்ணாச்சி, அந்த நெமேரன்ல ஒரு அம்பது கிராம் குடுங்க. மூட்டுவலிக்குக் கேக்குமா?" என்றாராம். கேக்காது என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்களிடம் இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது நெமேரன் செத்துப்போனான். பூதத்தின் எதிரில் அவர் உருட்டிய பகடையில் 1 விழுந்தது, இருபதில் ஆக மோசமான எண். அதற்கு மேல் தப்பிக்க வழியில்லை. கணவருக்கு மனசே வரவில்லை. இன்னொருமுறை உருட்டட்டும் என்றார்.

"வேண்டாம் மாப்ள. விழுந்தது விழுந்ததுதான்" என்று சொல்லி, அண்ணாச்சி நெமேரனின் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புதுத் தாள் எடுத்தோம். என்ன பேர் எழுத என்று கேட்டேன். "எதையாவது எழுதிக்கோ தங்கச்சி" என்றார். அதில் அவருக்கு இப்போது பெரிய அக்கறை இல்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஆள் வந்திருக்கிறது என்று மதினி கூப்பிட்டார், அதே பேரில். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.