கதாநாயகனின் இரண்டு அட்டைகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் எந்தத் தெருவில் எந்த நேரம் மறித்துச் சோதிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். நான் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, வெள்ளவத்தையில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். வயது இருபத்தேழு. ‘இவளுக்கு நகைச்சுவை நன்றாக எழுத வரும்’ என்று நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள். ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. வேலைக்குப் போகிற பத்துப் பேர் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவுக்கு நானே எழுத்தாளர் ஆகிவிட்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு நிஜமான சினிமா நடிகர் கிடைத்தார். எழுபதுகளில் இங்கேயே எடுத்த மூன்று தமிழ்ப் படங்களில் கதாநாயகனாக நடித்தவர். அதில் ஒன்றை என் அம்மா இரண்டு தரம் பார்த்திருக்கிறார். படச்சுருள்கள் எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்துபோயின. அவர் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, திரும்பக் கொழும்புக்கே வந்து ஹெவ்லொக் டவுனில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். சிங்களப் படங்களிலும் சின்னச் சின்ன வேடங்கள் செய்தவர் என்பதால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வடக்கிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு ரியூட்டரியில் சிங்களம் படிப்பித்துத்தான் சீவியம் போனது.

அவருக்கு அறுபது வயது இருக்கும். ஆனால் யாரும் ‘ஐயா’ என்று கூப்பிடக்கூடாது. ‘அண்ணை’தான். நெற்றியில் சுருண்டு விழும் அந்தக் காலத்து முடி அப்படியே இருந்தது. அது விக் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது மரியாதை என்று நினைத்தோம். எங்கள் எல்லோருடைய கண்ணையும் உறுத்தியது வேறொரு விஷயம். எங்களில் எவரோடும் சேர்ந்து அவர் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வரமாட்டார். எத்தனை தரம் கூப்பிட்டாலும், “நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்” என்பார். நட்சத்திரம் தனியாகத்தான் வருமாம் என்று எங்களுக்குள் முடிவு கட்டினோம். நெற்றி முடியைத் தள்ளிக்கொண்டு அந்த வசனத்தை அவர் சொல்வதுபோல நான் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் நாடகமே வந்தது. இருபது வருடத்துக்கு முந்திய தலையலங்காரத்தோடு திரிகிற ஒரு பழைய கதாநாயகன். ஊரெல்லாம் தன்னைத் தெரியும் என்று நம்புகிறவன். மரக்கறிக் கடையிலும் வங்கியிலும் “என்னைத் தெரியேல்லையோ?” என்று கேட்டு மூக்குடைபடுகிறவன். எழுதி முடித்தபிறகுதான் இதை அவரிடம் எப்படிக் கொடுப்பது என்ற யோசனை வந்தது. அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

“இது நான்தானே,” என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“பயப்படாதேங்கோ பிள்ளை. இதை வேற ஆரும் செய்தா பிழைச்சுப்போகும். நானே செய்யிறன்.”

செய்தார். தன்னையே கேலி செய்வதற்கு அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. நான் எழுதாத கோணங்கித்தனங்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரே ஓர் இடத்தைத்தான் செய்ய மாட்டேன் என்றார்.

அது சோதனைச் சாவடிக் காட்சி. சிப்பாய் அடையாள அட்டையைக் கேட்கிறான். அதில் இளவயதுக் கதாநாயகனின் படம் இருக்கிறது. “இது நீ இல்லையே” என்கிறான் சிப்பாய். கதாநாயகன் அட்டையைக் காட்டி, “அதுதான் நான்” என்கிறான். பிறகு தன் முகத்தைத் தொட்டு, “இதுதான் நான் இல்லை” என்கிறான். இதுவரைக்கும் அவருக்குச் சம்மதம். இதற்குப் பிறகு நான் எழுதியிருந்தது இதுதான்: சிப்பாய் “தொப்பியைக் கழற்று” என்று உத்தரவிட, தொப்பியே போடாத கதாநாயகன் சற்று யோசித்துவிட்டு விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சல்யூட் அடிக்கிறான்.

“என்னை வைச்சு எவ்வளவும் சிரியுங்கோ பிள்ளை. இது மட்டும் வேண்டாம்,” என்றார்.

நான் விடவில்லை. நாடகத்தின் உச்சமே அதுதான் என்று எனக்கு எண்ணம். ஒரு மாதமாக ஒவ்வோர் ஒத்திகையிலும் ஏதாவது சாட்டில் அந்த இடத்துக்கு வருவேன். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். நடிகன் என்றால் தன்மானத்தையும் கழற்றி வைக்கத் தெரிய வேண்டும் என்று அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தேன்.

நாடகத்துக்கு அட்டை ஒன்று வேண்டுமே. வெறும் காகித மட்டை போதும் என்றார்கள். எனக்கு எதுவும் அச்சு அசலாக இருக்க வேண்டும். என்னுடைய சொந்த அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுத்து, பெயரையும் இலக்கத்தையும் மாற்றி, அவருடைய பழைய சினிமாப் படம் ஒன்றை ஒட்டி, கடையில் கொடுத்து லமினேற் செய்துகொண்டேன். தொழில் என்ற இடத்தில் ‘கதாநாயகன்’ என்று எழுதியது மட்டும்தான் பகிடி. மற்றபடி அது ஒரு போலி அடையாள அட்டை. அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் அப்படி ஒன்றைச் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள் என்றால் அவளுக்கு மூளை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது அது நாடகச் சாமானாக மட்டுமே தெரிந்தது.

நாடகம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. பார்க்க வருகிறவர்கள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் அந்த நாட்களில் எல்லா நாடகமும் நாலு மணிதான். உடுப்புப் பையோடு நான் ஓட்டோவில் காலி வீதியால் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் அவர் நிற்பதைக் கண்டேன். வழியில் ஏதோ பாதை மூடியிருப்பதாகவும் பஸ்கள் ஓடவில்லை என்றும் அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். ஏறச் சொன்னேன்.

“நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்.”

“பஸ் இல்லை அண்ணை. எதில வரப்போறீங்கள்? கதாநாயகன் இல்லாமல் நாடகம் போடச் சொல்லுறீங்களோ?”

என் குரலில் கொஞ்சம் குத்தல் இருந்திருக்க வேண்டும். அவர் ஏறினார். வழி முழுக்கத் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். காட்சிகளை நினைத்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஆமர் வீதியைத் தாண்டுவதற்குள் மறித்தார்கள். சாரதி சிங்களவர். அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஓர் இளம் சிப்பாய் எங்களிடம் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கேட்டான். நான் கைப்பைக்குள் கைவிட்டேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரிப் பிளாஸ்ரிக். பார்க்காமலே எடுத்து நீட்டினேன்.

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சார்ஜன்ட்டைக் கூப்பிட்டான். அவன் கையில் இருந்த அட்டையில் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருந்தார். அவசரமாக என் உண்மையான அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. என் அட்டையைப் பார்த்துத்தான் மற்றது செய்யப்பட்டது என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சார்ஜன்ட் அவரிடம் திரும்பினார். அவர் தன் அட்டையை எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அதில் வழுக்கைத் தலையோடு ஒரு கிழவர் இருந்தார்.

ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை. இரண்டிலும் வேறு வேறு முகம். முன்னால் நிற்கிறவரின் தலையிலோ கறுகறுவென்று சுருள்முடி. இதற்குப் பெயர் மாறுவேடம் என்று சார்ஜன்ட் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. எங்களை இறக்கி மதிலோரம் நிறுத்தினார்கள். நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நாடகம், நாடகம் என்று உளறினேன். நோட்டீஸைக் காட்டினேன். அது தமிழில் இருந்தது, சார்ஜன்ட்டுக்கு வாசிக்கத் தெரியாது. ஜீப் வரட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது இறங்கினார்கள் என்பதைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் நிறையக் கதைகள் இருந்தன. அக்காவுக்கு எப்படித் தெரிவிப்பது என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

அப்போதுதான் அண்ணை நல்ல சிங்களத்தில், மிகவும் மரியாதையாக, “மஹத்தயா, அது நாடகச் சாமான். ஐந்து நிமிசம் தந்தால் நடித்தே காட்டுகிறேன்,” என்றார். சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். ஜீப் வரும்வரை அவருக்கும் வேறு வேலை இல்லை.

நடுவீதியில், வெய்யிலில், அவரே சிப்பாயாகவும் அவரே கதாநாயகனாகவும் மாறி மாறி அந்தக் காட்சியை நடித்தார். சிங்களத்தில். முதலில் யாரும் சிரிக்கவில்லை. “என்னைத் தெரியவில்லையா?” என்று அந்த இளம் சிப்பாயிடம் கதாநாயக முறுவலோடு கேட்டார். அவன் உண்மையாகவே தெரியாது என்று தலையாட்டினான். மணல்மூட்டைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அட்டையைக் காட்டி, “அதுதான் நான்” என்றார். முகத்தைத் தொட்டு, “இதுதான் நான் இல்லை” என்றார். பிறகு சிப்பாயின் குரலில் “தொப்பியைக் கழற்று!” என்று கத்தினார்.

அவர் நான் எழுதிய அளவுக்குச் சரியாக யோசித்தார். வலமும் இடமும் பார்த்தார். விக்கைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, சார்ஜன்ட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

சார்ஜன்ட் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாச் சிப்பாய்களும் சிரித்தார்கள். ஓட்டோச் சாரதி சிரித்தார். நானும் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு என்று இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இல்லை. அந்த இடம் அவ்வளவு கச்சிதமாக வந்திருந்தது, அதனால்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் என்மேல் பட்டது.

போலி அட்டையைச் சார்ஜன்ட் வைத்துக்கொண்டார். இனிமேல் இப்படிப் பைத்தியக்கார வேலை செய்யாதே என்று எனக்கு நன்றாக ஏசினார். அண்ணையின் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னார்.

ஓட்டோவில் அவர் விக்கை மடியில் வைத்துக் கைலேஞ்சியால் தூசு தட்டினார். தலை முழுக்க வியர்வை.

“யாழ்ப்பாணத்திலயிருந்து வரேக்க பழைய ஐ.சி. துலைஞ்சுபோச்சு,” என்றார். “புதுசுக்கு விக்கோட படம் எடுக்கேலாது எண்டிட்டினம். அண்டையிலயிருந்து ஒவ்வொரு செக் பொயின்டிலயும் இதைக் கழட்டித்தான் காட்டுறனான். ஒத்திகைக்கு வர ரெண்டு இடம், போக ரெண்டு இடம். வழமையா அவங்கள் கேட்க முதலே கழட்டிப்போடுவன். இண்டைக்கு நீங்கள் பக்கத்தில இருந்தபடியாலதான் கொஞ்சம் சுணங்கினது.”

ஏன் தனியாக வந்தார், அந்த ஒரு காட்சி ஏன் வேண்டாம் என்றார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. என் கற்பனையில் உதித்த பகிடி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை அந்த மனுசன் நாளுக்கு நான்கு தரம் தெருவில் நின்று செய்துகொண்டிருந்திருக்கிறார். ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நல்லா எழுதியிருக்கிறீங்கள் பிள்ளை. ஆமிக்காரனே சிரிச்சுப்போட்டான். நீங்களும் சிரிச்சனீங்கள்.” கோபமில்லாமல்தான் சொன்னார். ஒத்திகை முடிந்து பேசுகிற அதே குரல். “ஆனா மேடையில வேண்டாம், என்ன?”

வேண்டாம் என்றேன்.

அரைமணி நேரம் பிந்தி நாடகம் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. சாவடிக் காட்சிக்கு அட்டை இல்லை. என்ன செய்யப்போகிறார் என்று பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து தன் உண்மையான அட்டையை எடுத்துச் சிப்பாயாக நடித்த எங்கள் நண்பரிடம் கொடுத்தார். நண்பர் படத்தைப் பார்த்தார், அவருடைய முடியைப் பார்த்தார், வசனத்தை மறந்து நின்றார். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“இது... இது நீ இல்லையே,” என்றார் நண்பர் ஒருவழியாக.

அவர் அட்டையைத் தொட்டார். “அதுதான் நான்.” பிறகு நெற்றியில் விழுந்த முடியை மெதுவாகத் தள்ளிவிட்டார். “இதுதான் நான் இல்லை.”

மண்டபம் அதிர்ந்தது. அவருக்கு அன்று கிடைத்த கைதட்டலை அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த நாடகத்திலும் கேட்கவில்லை. அந்த அட்டையில் இருந்தது எந்த முகம் என்று எனக்கும் அவருக்கும் மேடையில் நின்ற நண்பருக்கும் மட்டும்தான் தெரியும்.

முடிந்ததும் எல்லோரும் ஓட்டோக்களில் ஏறினோம். அவர் வாசலில் நின்று, வழக்கம்போல, “நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்” என்றார். ஓட்டோ திரும்பியதும் குழுவில் ஒருத்தி நெற்றி முடியைத் தள்ளிக்கொண்டு, நான் பழக்கிக் கொடுத்த மாதிரியே அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். காரணத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவர் மறைத்ததை நான் கழற்றிக் காட்டியதாகிவிடும்.

அவர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எனக்கும் இப்போது ஏறக்குறைய அவருடைய அந்த வயது. எங்கேயாவது யாராவது, நீங்கள் முன்னால் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்று சொன்னால் நான் வற்புறுத்துவதில்லை, முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் இல்லை. அவர்கள் தனியாகக் கடந்து வரவேண்டிய இடம் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போய்விடுகிறேன்.