நூற்றுத்தொண்ணூற்றில் நின்ற குமிழ்

சாரல் நாள்களில் எங்கள் தென்காசி வீட்டு முன்னறையில், உலராத துணிகளின் வாடைக்கு நடுவே இன்னொரு வாடையும் வரும். சூடேறும் கண்ணாடி வால்வுகளின் மேல் படிந்த தூசி கருகும் வாடை. அது சண்முகம் அண்ணனின் கித்தாருக்கான ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவது. பெட்டிக்குச் சொந்தக்காரர் அவன் வாசித்த மெல்லிசைக் குழுவின் தலைவர் துரை அண்ணாச்சி. அவர் வீடு ஒழுகியதால் பெட்டி எங்கள் வீட்டில் குடியிருந்தது. அதன் முதுகில் "190, 210, 230" என்று மூன்று எண்கள் போட்ட ஒரு குமிழ் உண்டு.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், மாலையில் லாட்ஜுகள் எல்லாம் விளக்கைப் போட்டதும் மின்சாரம் சோர்ந்துவிடும். வரும் வோல்டேஜுக்கு ஏற்பக் குமிழை இறக்கினால்தான் கித்தார் கேட்கும். இறக்கியதை மறுபடி ஏற்றாமல் தென்காசியில் காலை நேரத்தில் சுவிட்சைப் போட்டால், தாராளமாக வரும் மின்சாரத்தில் பெட்டி வெந்துவிடும். குமிழை மாற்ற அண்ணன் ஒரு வழிமுறை வைத்திருந்தான்: சத்தத்தைக் குறைத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வின் சிவப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் திருப்ப வேண்டும். பிற்காலத்தில் மின் பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் என்ற தகுதியில் சொல்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு வயதில் எனக்கு அது மனப்பாடம். ஒரே ஒரு தடவை நான் திருப்புகிறேன் என்று கெஞ்சினால், "தொட்டன்னா கைய ஒடிச்சிருவேன் ஏட்டி, இது என்ன ஒன் பல்லாங்குழியா?" என்பான்.

அந்த வருடம் அப்பா கெடு வைத்திருந்தார். ஆடி முடிவதற்குள் அண்ணாச்சி அவனைக் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் புளியறையில் மாமாவின் லாரி ஆபீஸில் போய் உட்கார வேண்டும்.

குற்றால மேடையில் முதல் பாட்டிலேயே கித்தார் முனகியது. அண்ணாச்சி மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏலே, கித்தார் வாசிக்கியா, கொசு வளக்கியா? ஒண்ணும் கேக்கலயே!" இடைவேளையில் அண்ணன் குமிழை 190க்கு இறக்கினான். அதற்குப் பிறகு அவன் வாசித்த வாசிப்பில், அருவியில் குளித்த ஈரத்தலையோடு நின்ற கூட்டம் நகரவில்லை. எல்லாம் முடிந்து பெட்டியை மூடும்முன் அவன் குமிழை 230க்கு ஏற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "காலம்பற வீட்டுக்கு வாரேன். தனியா வாசிச்சுக் காட்டுலே, முடிவு பண்ணிருவோம்" என்றார் அண்ணாச்சி.

காலையில் அண்ணன் குளிக்கப் போயிருந்தான். பிளக் பிடுங்கியே கிடந்தது, வால்வுகள் ஆறியே இருந்தன. ஆனாலும் நான் ஒரு படியையும் விடாமல், காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்து, இடக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, குமிழை 190க்குத் திருப்பினேன். அவ்வளவு சுத்தமான வேலை. மறுபடி ஏற்றுமுன் அம்மா இட்லி தின்னக் கூப்பிட்டாள், போய்விட்டேன்.

அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் அண்ணன் சுவிட்சைப் போட்டான். பெட்டி உறுமியது, வால்வுகள் வெளுக்க எரிந்தன, தார் உருகும் நாற்றத்தோடு புகை கிளம்பியது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றியிருந்ததால், மின்சாரம் தன் வேலையை முழுதாக முடித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் குனிந்த அண்ணன், குமிழ் 190இல் நிற்பதைக் கண்டான்.

"ஏத்தி வச்சேனே அண்ணாச்சி... வச்ச மாதிரித்தான் இருக்கு."

"மாதிரியா? பெட்டியப் பாத்துக்கிடத் தெரியாதவன நம்பி நான் எப்படிலே மேடை ஏறுவேன்?"

அண்ணன் தன் வலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "மறந்துட்டேன் போல" என்றான். நான் கதவருகே சட்னி கையோடு நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி முடியுமுன்பே அவன் புளியறைக்குப் போனான். கித்தாரைக் குழுவில் இன்னொருவனிடம் கொடுத்துவிட்டான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விபத்து நடந்த இடங்களுக்கெல்லாம் போய், "கடைசியாகத் தொட்டது யார்?" என்று விசாரித்து, அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான்.

இந்த வருடம் சாரல் தொடங்குமுன் அண்ணன் இறந்துபோனான். துரை அண்ணாச்சி எப்போதோ போய்விட்டார். மேடை போட்ட இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. வால்வு என்று கடையில் கேட்டால் தண்ணீர்க் குழாய்க்கானதை எடுத்துத் தருகிறார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கண்ணன் ஆபீஸப் பூட்டிட்டு பஸ்ஸு வரைக்கும் வந்துட்டு, திரும்பப் போயி பூட்ட இழுத்துப் பாப்பாவ. கேஸ் அடுப்ப அடச்சிட்டு மூணு வாட்டி எந்திச்சுப் பாப்பாவ. நான் பாத்தேன்னு சொன்னா நம்புவாவ, தன் கைய மட்டும் நம்ப மாட்டாவ. எங்கன போயி இந்தப் பழக்கத்தப் புடிச்சாவளோ, ஒங்களுக்காவது தெரியுமா?"

"சில பேருக்கு அது பொறவிக் குணம், மைனி" என்றேன்.