கால்வெஸ்டனில் வற்றிய கடல்

காலை பத்து மணி. ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் அவென்யூவில் இட்லி, வடை, காபி, பதினான்கு டாலர். அங்கிருந்து கால்வெஸ்டன் தீவுக்கு ஐம்பத்தைந்து மைல்.

நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து நான் வந்தது மேரியைப் பார்க்க. நாகப்பட்டினத்தில் பள்ளித்தோழி; இப்போது இங்கே மொழியியல் ஆய்வாளர். பின்சீட்டில் அவளுடைய விருந்தாளி சலாய். தாய்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த மோக்கென் இனத்தவர். படகிலேயே பிறந்து வளர்ந்த கடலோடி. தன் மொழியைப் பேசிப் பதிவு செய்ய வந்திருக்கிறார்.

"எப்ப ஊருக்குத் திரும்புறார்?" என்றேன்.

"அதை அவர்கிட்ட கேக்கவே முடியாதுடி. அவங்க பாஷையில 'எப்போ'க்கு வார்த்தையே இல்ல. காத்தைப் பார்ப்பாங்க, தண்ணியைப் பார்ப்பாங்க, கிளம்பிடுவாங்க."

பதினொன்றேகாலுக்கு வளைகுடாப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். தண்ணீரைக் காணோம். முந்தைய நாள் தொடங்கிய வாடைக்காற்று கடலைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை கருஞ்சேறு. படகுகள் அதில் சாய்ந்து கிடந்தன. ஒரு பறவைகூட இல்லை. சிலர் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க நானும் காலை வைத்தேன்.

சலாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி.

"லபூன்" என்றார்.

மேரியின் முகம் வெளுத்துவிட்டது. "இவங்க கதையில மனுஷங்களைத் தின்ன வர்ற அலை. தண்ணி உள்ள போனா அது வருதுன்னு அர்த்தம். வா, மேல போயிடலாம்."

"வெறும் காத்துடி. காத்துல தண்ணி வத்தும்னு ஃபோன்லயே அலர்ட் போட்டிருக்கான்."

"தெரியும். ஆனாலும் ஏறு."

மேடே இல்லாத தீவு அது. எதிரிலிருந்த கார் பார்க்கிங் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு ஏறினோம். கீழே சேற்றில் நடப்பவர்கள் எறும்புகளாகத் தெரிந்தார்கள். சலாய் அவர்களைப் பார்த்து ஏதோ கத்தினார். ஒருத்தி நிமிர்ந்து கையசைத்துவிட்டு இன்னும் உள்ளே நடந்தாள்.

"அந்தோணியும் இப்படித்தான் கையாட்டினான்" என்றாள் மேரி. அவள் தம்பி. சுனாமியில் போனான் என்று தெரியும். எப்படி என்று இத்தனை வருடம் நான் கேட்டதில்லை. "கடல் உள்ள போயிடுச்சு, மீன் துள்ளுதுக்கா, பார்த்துட்டு வரேன்னு போனான். நானும் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். அன்னைக்கு இவரோட ஆளுங்க மலை மேல ஏறிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க உட்பட. கதை தெரியும்ல அவங்களுக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிற்பகலில் காற்று தணிந்தது. தண்ணீர் ஓசையில்லாமல், தரையிலிருந்து ஊறுவதுபோல் திரும்பியது. சிப்பி பொறுக்கியவர்கள் எல்லோரும் கரையேறினார்கள். சலாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே படியிறங்கினார்; ஏதோ முணுமுணுத்தார்.

"என்னடி சொல்றார்?"

"இன்னைக்கு அது சாப்பிடலையாம்."

மறுநாள் நியூஜெர்சி திரும்பும் நூவர்க் விமானத்தில் ஜன்னலோர இருக்கை. வளைகுடா நிறைந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: நமக்கும் ஒரு சொல் இருந்தது. கடல்கோள். பள்ளித் தமிழ்ப் பாடத்தில் வந்தது. 'கடல் பொங்கி நிலத்தை விழுங்குவது' என்று பொருள் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினேன். பக்கத்து பெஞ்சில் மேரியும் வாங்கினாள். நான்கு வருடம் கழித்து அந்தோணியும் அதே புத்தகத்தைத்தான் படித்தான்.