ஆட்டோ முதுகில் என் வயிறு

ஒயிட்ஃபீல்ட் போற ரோட்டுல ஆபீஸ் கேப் நகராம நின்னுக்கிட்டிருந்தப்போ, முன்னாடி நின்ன ஆட்டோவோட முதுகுல என் வயித்தைப் பார்த்தேன். படம்தான், ஆனா என் வயிறு. ஏதோ கிளினிக் விளம்பரம். ஆபரேஷனுக்கு முன்னாடின்னு ஒரு வயிறு, பின்னாடின்னு ஒரு வயிறு, ஆறே வாரத்துல இப்படி ஆயிடலாமாம். பின்னாடி இருந்தது யாரோடதோ, தோசைக்கல் மாதிரி தட்டையா இருந்துச்சு. முன்னாடி இருந்தது என்னோடது, சந்தேகமே இல்ல. என் சிசேரியன் தழும்பு இடது ஓரத்துல கொஞ்சம் மேல ஏறி முடியும், அது அப்படியே இருந்துச்சு. தொப்புள் பக்கத்துல மாதுளை முத்து அளவுக்கு ஒரு மச்சம், அதுவும் இருந்துச்சு. கழுத்துக்கு மேல எதுவும் இல்ல. தொடைக்குக் கீழயும் எதுவும் இல்ல.

பெங்களூர் டிராஃபிக்ல ஒரு வசதி, எதையும் ஆற அமரப் பார்க்கலாம். கால் மணி நேரம் அந்த ஆட்டோவும் நகரல, நாங்களும் நகரல. பக்கத்துல உக்காந்திருந்த கன்னடப் பொண்ணு "ஐயோ பாப"ன்னு உச்சுக் கொட்டினா. பின் சீட்டுல ஒருத்தன், "இதெல்லாம் போட்டோஷாப் பாஸ், நெஜமா எவளுக்கும் இப்படி இருக்காது"ன்னு சிரிச்சான். நான் லேப்டாப் பையை எடுத்து மடியில வச்சு அணைச்சுக்கிட்டேன்.

எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க. நாலு வயசாகுது. ரெண்டையும் சுமந்ததுல வயித்துச் சதை நடுவுல பிளந்துக்கிச்சு, இன்னும் சேரல. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கினா வயித்து நடுவுல மேடு மாதிரி ஒன்னு எழும்பும். அமுக்கினா நாலு விரல் உள்ள போகும். ரெண்டு வருஷம் பிசியோதெரபிக்கு அலைஞ்சேன், சொன்ன பயிற்சி அத்தனையும் பண்ணேன். இடுப்பு வலி அப்படியேதான் இருந்துச்சு. காலையில எந்திரிக்கணும்னா ஒருக்களிச்சுப் புரண்டு கையை ஊனித்தான் எந்திரிக்கணும். ஆபீஸ் கேட்ல பையைச் சோதிக்கிற அம்மா ஆறு மாசத்துக்கு ஒருக்கா "எத்தனை மாசம்மா?"ன்னு கேப்பாங்க. மெட்ரோல எந்திரிச்சு இடம் குடுப்பாங்க. மொதல்ல எல்லாம், "அய்யோ, அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க"ன்னு விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்புறம் நல்லா இருங்கன்னு மனசுக்குள்ள வாழ்த்திட்டு உக்காந்துக்கிட்டேன்.

பிளந்த சதையை ஆபரேஷன் பண்ணித் தச்சு, தொங்குற தோலையும் எடுத்துடலாம்னு சொன்னாங்க. எனக்கு அது வேணும். அழகுக்கா வலிக்கான்னு கேக்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் கிடையாது, ரெண்டுக்கும்தான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். செல்போன்ல இருந்து கண்ணை எடுக்காமலே, "எதுக்குடி இதெல்லாம்? நீ எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதான்"னாரு. பொய் சொல்லக்கூடாது, நான் அன்னைக்கு உருகித்தான் போனேன்.

இருந்தாலும் ஆசை விடல. ஆபீஸ்ல இருந்து வர்ற வழியில ஒரு கிளினிக் இருந்துச்சு, சும்மா விசாரிக்கலாம்னு உள்ள போனேன். டாக்டர் வாய் தேன். "ரெட்டைப் பிள்ளை பெத்த வயிறு மேடம் இது, கையெடுத்துக் கும்பிடணும்"னாரு. நீலத் துணி முன்னாடி நிக்க வச்சு நாலு பக்கமும் போட்டோ எடுத்தாங்க. ஃபைலுக்குத்தான்னு சொன்னாங்க. நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. பிள்ளைங்க டேகேர்ல இருந்து போன் மேல போன், இன்னும் கூட்டிட்டுப் போக ஆள் வரலன்னு. நான் எதையும் படிக்கல, கிறுக்கிக் குடுத்துட்டு ஓடி வந்தேன். யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொல்லியிருந்தேன். நான் யோசிக்கிறதுக்குள்ள என்னை ஊர் சுத்த விட்டுட்டாங்க.

கேப்ல பார்த்ததை வீட்டுல சொல்ல வாய் வரல. அவமானமா இருந்துச்சு. வாரம் முழுக்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு லிங்கராஜபுரத்துல இருக்கிற வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தோம், நாலு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல. சின்னவ முன்னாடி நிக்கிறா, பெரியவ எங்களுக்கு நடுவுல நசுங்குறா. சிக்னல்ல நின்னோம். முன்னாடி அதே விளம்பரம், ஆனா வேற ஆட்டோ. எத்தனை ஆட்டோல ஒட்டியிருக்கானோ பாவி!

சின்னவ கையை நீட்டி, "அப்பா, அம்மா தொப்பை!"ன்னு கத்தினா.

அவர் அவ கையைத் தட்டிவிட்டாரு. "சீ, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அது யாரோ ஆன்ட்டி." அதோட விட்டிருக்கலாம். பாதி திரும்பி எனக்கு ஆறுதல் வேற சொன்னாரு. "பார்த்தியா, இதுக்கு உனக்கு எவ்வளவோ தேவலை. நீ என்னமோ ஆபரேஷன் ஆபரேஷன்னு நிக்கிறியே."

எனக்கு உச்சந்தலையில பத்திக்கிட்டு வந்துச்சு. பிள்ளைங்க ரெண்டும் தினமும் குளிக்கும்போது அந்த மச்சத்தைக் காலிங் பெல் மாதிரி அமுக்கி "டிங் டாங்"னு விளையாடுவாங்க. நாலு வயசுக் குழந்தைக்குத் தூரத்துல இருந்தே தெரியுது. எட்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்த மனுஷனுக்குத் தெரியல. அப்போ எப்படி இருந்தாலும் அழகுன்னு சொன்னாரே, எதைப் பார்த்துச் சொன்னாரு? அவர் முதுகைப் பார்த்துக்கிட்டே வந்தேன். பின்கழுத்துல முடி வெட்டப் போய்ப் பட்ட வெட்டுத் தழும்பு, சட்டைக்குள்ள வலது தோள்ல ஒரு பருக்குழி. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொன்னையும் தொட்டுக் காட்டுவேன் நான்.

இவரை அப்புறம் பார்த்துக்கலாம், எங்க போயிடப் போறாருன்னு வச்சிக்கிட்டேன். மொதல்ல டாக்டர்.

சனிக்கிழமை கிளினிக்ல கூட்டம் ஜாஸ்தின்னு தெரியும். வேணும்னே அன்னைக்குப் போனேன், வேணும்னே புடவை கட்டிக்கிட்டுப் போனேன். உள்ள போய் ஆட்டோ படத்தைப் பத்திக் கேட்டதும், டாக்டர் நான் கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்து மேஜையில வச்சாரு. மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்னு.

"முகமே இல்லையே மேடம், யாருக்குத் தெரியப்போகுது?"ன்னாரு.

"என் பொண்ணுக்குத் தெரிஞ்சுது சார்."

சிரிச்சாரு. அப்புறம் குரலைத் தணிச்சு, "ஒன்னு பண்ணலாம் மேடம். உங்க ஆபரேஷனை நாங்களே ஃப்ரீயா பண்ணித் தர்றோம். அடுத்த வாரமே தேதி குடுக்கிறேன். பின்னாடி இருக்கிற படமும் உங்களோடதே ஆயிடும், விளம்பரம் உண்மையாயிடும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"ன்னாரு.

சத்தியமா சொல்றேன், ஆடிப் போயிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்க வந்தவ, எந்தக் கிழமைன்னு கேக்க இருந்தேன். அடுத்த வாரம்! இடுப்பு வலி இல்லாம எந்திரிக்கலாம். யாரும் மாசம் கேக்க மாட்டாங்க. இவனைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு ஒரு மனசு சொல்லுது. ரெண்டு நிமிஷம் டைம் குடுங்கன்னு சொல்லிட்டு பாத்ரூம் பக்கம் போனேன்.

ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு பின்னாடியே வந்தா. ஜீவனஹள்ளிப் பொண்ணு, இருபத்திரண்டு வயசு இருந்தா அதிகம். முதல் தடவை வந்தப்போ தமிழ்ல பேசிச் சிநேகம் ஆனவ. கதவைச் சாத்திட்டு அழுதுட்டா.

"அக்கா, சண்டை போடாதீங்கக்கா. அந்தத் தட்டை வயிறு என்னுது. சார் கேட்டாரு, வேலை போயிடுமோன்னு காட்டிட்டேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடும்."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கொலைவெறியும் வந்துச்சு. பிள்ளையே பெறாத வயித்தைக் காட்டி, ஆறு வாரத்துல உனக்கு இதைத் தர்றேன்னு என்னை ஏமாத்தப் பார்த்திருக்கான். இவன் கத்தி எடுப்பான், நான் மயக்கத்துல கிடப்பேனா? கண்ணு முழிச்சா எதைத் தச்சு வச்சிருப்பானோ! "உன் பேர் என் வாயில வராது, போய் மூஞ்சியைக் கழுவு"ன்னு அவளை அனுப்பினேன்.

நேரா வெயிட்டிங் ஹால்ல போய் நின்னேன். எட்டு பேர் உக்காந்திருந்தாங்க, எல்லாம் பொம்பளைங்க. முந்தானையை எடுத்துத் தோள்ல சுருட்டிப் போட்டேன்.

"ஆட்டோ பின்னாடி ஒரு வயிறு பார்த்திருப்பீங்களே, அது இதுதான். நல்லா பார்த்துக்கோங்க. எனக்கு இன்னும் ஆபரேஷனே நடக்கல." தமிழ்ல சொன்னதையே கன்னடத்துல ஒரு தடவை சொன்னேன், யாருக்கும் விட்டுப் போகக்கூடாதுன்னு.

டாக்டர் "மேடம், மேடம்"னு ஓடி வந்தாரு. "முகம் தெரியலைன்னீங்களே சார், இப்போ நல்லா தெரியுதா?"ன்னு கேட்டேன். மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு. ஆஹா, அந்த முழி! இன்னைக்கு நினைச்சாலும் எனக்குச் சாப்பாடு ரெண்டு கவளம் கூட இறங்கும்.

ரெண்டு பேர் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. மத்த ஆறு பேர் அசையல. அதுல ஒரு அம்மா மெதுவா என் புடவையைப் பிடிச்சு, "அதெல்லாம் சரிம்மா, இவர் தையல் நல்லா போடுவாராமா?"ன்னு கேட்டாங்க. ஓங்கி ஒன்னு வைக்கலாம்போல இருந்துச்சு. ஆனா பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நானும் அதே எடத்துலதான நின்னேன்? முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு வெளியே வந்துட்டேன். பத்து நாள்ல ஆட்டோங்க முதுகுல இருந்து என் வயிறு போயிடுச்சு.

ஆபரேஷன் ஆசை மட்டும் போகல. வேற பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை சர்ஜனைப் பார்த்தேன். தேன் எல்லாம் கிடையாது, கறாரா பேசினாங்க. இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு இருக்கும், நீர் வடிய ரெண்டு குழாய் தொங்கும், முதல் ரெண்டு வாரம் கூனித்தான் நடக்கணும், ஆறு வாரம் பிள்ளைங்களைத் தூக்கவே கூடாதுன்னாங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சுப் போச்சு.

சாயங்காலம் வீட்டுக்காரரை உக்கார வச்சு, கார் வாங்கச் சேர்த்த பணத்துல ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு சொன்னேன். அவர் வாயைத் திறக்குறதுக்குள்ள, "சிக்னல்ல ஒரு ஆன்ட்டி வயிறு பார்த்தோமே, அது நான்தான்"னேன்.

"விளையாடாத."

நான் விளையாடல. எழுந்து நின்னு காட்டினேன். மச்சத்துல விரலை வச்சுக் காட்டினேன். அவர் மூஞ்சி செத்துப் போச்சு.

"முகம் இல்லையேடி... எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டரும் இதையேதான் சொன்னாரு"ன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆறு வாரம் நான் மகாராணி. வலி உயிர் போச்சு, அதையும் சொல்லணும். இருமினா, சிரிச்சா, தும்மினா கண்ணுல தண்ணி வரும். ஆனா படுத்துக்கிட்டே நான் போட்ட அதிகாரம் இருக்கே! பிள்ளைங்களைக் குளிப்பாட்டு, தலை பின்னு, டிபன் கட்டு, கூட்டிட்டுப் போ. பின்னல் கோணலா இருந்தா அவிழ்த்துத் திரும்பப் போட வைப்பேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல அவர். குழாயில வடியறதை அளந்து நோட்டுல எழுதுறதுகூட அவர்தான். ஆனா கட்டு மாத்தும்போது மட்டும், வீட்டுக்கு வர்ற நர்ஸம்மாவைத் தவிர யாரையும் ரூம்ல விடல நான்.

வயித்தைச் சுத்தி இறுக்கிப் போட்டிருந்த பெல்ட்டைக் கழட்டின அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவரை வெளியேவே உக்கார வச்சேன். உள்ள கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். தழும்பு சிவப்பா, முரடா, கயிறு கட்டின மாதிரி இருந்துச்சு. வயிறு உள்ள போயிருந்துச்சு. அந்தப் பொண்ணோட வயிறு மாதிரி எல்லாம் இல்ல, என் வயிறாட்டம்தான் இருந்துச்சு. நல்லா அழுதேன். வெளியே வந்ததும் அவர் எழுந்து நின்னு, "எப்படி இருக்கு? வீட்டுக்குப் போய்க் காட்டுறியா?"ன்னு கேட்டாரு.

"மாட்டேன்"னேன்.

விளையாட்டுன்னு நினைச்சாரு. வீட்டுக்கு வந்து கேட்டாரு, மாட்டேன்னேன். மறுநாள் கேட்டாரு. அதுக்கப்புறம் தினமும் காபி டம்ளரைக் கையில குடுத்துட்டுக் கேப்பாரு, நான் தினமும் மாட்டேன்னுவேன். கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத்தான் புடவை மாத்துறேன். நாலு மாசம் ஆச்சு. பிள்ளைங்க பார்த்துட்டாங்க, ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி பார்த்துட்டா, கீழ் வீட்டு அக்கா பார்த்துட்டு "அடேயப்பா"ன்னு வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவர் மட்டும் இன்னும் பார்க்கல.

போன வாரத்துல இருந்து கேக்கிறதை நிறுத்திட்டாரு. காபியை வச்சுட்டுப் பேசாம போறாரு. எனக்கு அதுதான் ஆத்திரமா வருது. கேக்கணும் அவர். தினமும் கேக்கணும், நான் தினமும் மாட்டேன்னு சொல்லணும்.